அலி அதோடு நிறுத்தியிருந்தால்...

விழுப்புரத்தில் பஸ் ஏறியதுமே சித்தப்பா ஆரம்பித்துவிட்டார். "1980-ல மெட்ராஸ் நேரு ஸ்டேடியத்துல முகமது அலியை நேர்ல பார்த்தவன்டா நான்! எதிர்ல ஜிம்மி எல்லிஸ். சும்மா காட்சிப் போட்டிதான். ஆனா, அடேயப்பா!"

"அப்போ அவர் ரிடையர்டு ஆசாமி சித்தப்பா. அதோட விட்டிருந்தா, அந்த அக்டோபர்ல ஹோம்ஸ்கிட்டயும் 81-ல பெர்பிக்கிட்டயும் வாங்கின அடி மிச்சம். 84-ல பார்க்கின்சன்னு சொல்லிட்டாங்களே!" என் பி.காம். மூளை கணக்குப் பார்த்தது.

"தெரிஞ்ச தொழிலை விட்டுட்டு மனுஷன் வீட்ல உக்காந்து என்னடா பண்ணுவான்?"

சித்தப்பாவுக்கு எழுபத்திரண்டு. திண்டிவனம் சைக்கிள் கடையை மூடச் சொல்லத்தான் சித்தி என்னைத் தூது அனுப்பியிருந்தார்.

கடைக்குப் போனோம். ஷட்டரைத் தூக்க முடியாமல் திணறினார். வந்த வேலையை மறந்து நானும் ஒரு கை கொடுத்தேன்.