மெகர் முள் ஏறும் வரை

கார்த்திகையும் மார்கழியும் மோட்டார் பட்டறைக்கு வேலை குவிகிற மாதங்கள். ஐப்பசி மழையிலேயே ஏரியும் மண்ணும் குடிக்க வேண்டியதைக் குடித்துவிடும். அதற்குமேல் வங்கக் கடலில் ஒரு புயல் கிளம்பினால், விழுகிற தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கரையைக் கடந்தது ஆந்திராவில், பாபட்லா பக்கம். ஆனால் நம் கரையோரம் நின்று நிதானமாகக் கொட்டிவிட்டுப் போனதில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மிதந்தன. மறு வருஷம் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறியபின் தென்பெண்ணை பெருகி விழுப்புரம், கடலூர் ஊர்களுக்குள் புகுந்தது. தண்ணீர் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் மூழ்குவது மாடிப்படிக்கு அடியில் தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும் மோனோபிளாக் மோட்டார்தான். வெள்ளம் வடிந்ததும் வீட்டைக் கழுவத் தண்ணீர் வேண்டும். அதற்கு அந்த மோட்டார் வேண்டும். அதனால்தான் மற்ற சாமான்களுக்கு முன்னால் அது பட்டறைக்கு வருகிறது.

தொழில் பழக வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இது: மூழ்கிய மோட்டார் செத்த மோட்டார் இல்லை. தண்ணீரில் கிடந்து எரிந்த காயிலை நான் பார்த்ததில்லை. ஈரத்தோடு ஸ்விட்ச் போட்டு எரித்ததைத்தான் பார்த்திருக்கிறேன். சம்பில் சேறு நிற்கிறதே, ஒரு நிமிஷம் ஓடினால் போதுமே என்று போட்டுவிடுவார்கள். என்ட் கவரைக் கழற்றினால் தெரிந்துவிடும். பொன்னிறக் கம்பிகளுக்கு நடுவே ஒரு கட்டு மட்டும் கருத்திருக்கும். பெரும்பாலும் ஸ்டார்ட்டிங் காயில். அதற்கு மருந்து கிடையாது. சுற்று எண்ணி, கேஜ் பார்த்து, கனெக்‌ஷனைப் படம் போட்டு வைத்துக்கொண்டு, அறுத்துக் கட்ட வேண்டியதுதான்.

கருக்காமல் வந்ததைக் காப்பாற்றலாம். அதற்குச் செய்ய வேண்டிய முதல் வேலை புதிதாக வருபவர்களுக்கு விநோதமாக இருக்கும். நனைந்து வந்த மோட்டாரை மறுபடி தண்ணீரில் கழுவ வேண்டும். எனக்குத் தொழில் கொடுத்த மேஸ்திரி இதில் மிகக் கறாரானவர். பிரித்த ஸ்டேட்டரை யாராவது நேராக வெயிலுக்குக் கொண்டுபோனால், "சேத்தச் சுட்டுச் செங்கல் பண்ணப் போறியாடா?" என்று கேட்பார். வெள்ளச் சேறு மாவு போல நைசானது. ஸ்லாட்டுக்குள்ளும் கம்பிக்கும் கம்பிக்கும் நடுவிலும் போய் உட்கார்ந்துவிடும். அப்படியே காய்ந்தால் கெட்டித்து நிற்கும். அடுத்த ஈரப்பதத்துக்கு அதுவே தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஆகவே கழுவ நேரம் கிடைக்கும்வரை காயவிடாமல், நல்ல தண்ணீர் நிரம்பிய டிரம்மில் ஸ்டேட்டரைப் போட்டு வைப்பார். தண்ணீரில் மோட்டாரைப் போட்டு வைத்திருக்கிறாரே என்று வாடிக்கையாளர்கள் திகைப்பார்கள். அவர் பதில் சொல்லிக்கொண்டு நிற்க மாட்டார். பெயின்ட் பிரஷ்ஷும் மூங்கில் குச்சியும் எடுத்துக்கொண்டு, ஓவர்ஹேங்கில் ஒவ்வொரு கட்டாக நகம் படாமல் விலக்கிச் சேற்றை எடுப்பார். கம்பியின் எனாமலில் கீறல் விழக்கூடாது என்பதால் இரும்பு எதையும் அருகில் விட மாட்டார். அந்தக் கை வேகமாகப் போய் நான் பார்த்ததில்லை.

உப்பங்கழி ஓரத்து ஊர்களிலிருந்து வந்தால் நாலைந்து தடவை தண்ணீர் மாற்ற வேண்டும். உப்பு மிஞ்சினால் என்ன காய்ச்சினாலும் மறுநாள் மறுபடி ஈரம் காட்டும். மிக்ஜாமின்போது எண்ணூர், எர்ணாவூர் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெய்ப் பிசுக்கும் வீடுகளுக்குள் வந்தது. அதற்கு வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர்தான் சரி. அவசரத்துக்குத் தின்னரை ஊற்றினால் பிசுக்கோடு பழைய வார்னிஷும் இளகிப் போகும்.

அடுத்தது காய்ச்சல். இங்கேதான் பருவத்தின் கடைசியில் வரும் புயல் நம்மைச் சோதிக்கிறது. மார்கழி வெயிலில் சூடு கிடையாது. காற்றில் ஈரம் குறையாது. பகலெல்லாம் மொட்டைமாடியில் காய்ந்த ஸ்டேட்டரை ராத்திரி எடுக்க மறந்தால் பனி குடித்துக் காலையில் பழையபடி நிற்கும். ஓவன் வைத்துக் காய்ச்சலாம், கரன்ட் இருந்தால். 2015 வெள்ளத்தில் கரன்ட் வர நாளானது. அப்போது மேஸ்திரி மரத்தூள் அடுப்பு மூட்டி, அதன் மேல் இரண்டு பக்கமும் திறந்த தகர டிரம்மை நிறுத்தி, ஸ்டேட்டர்களை உள்ளே தொங்கவிட்டார். மேலே பாதி மூடி. மீதி ஆவி போக. வார்னிஷ் டின்களை எல்லாம் தெருக்கோடிக்கு அனுப்பிவிட்டுத்தான் தீக்குச்சி உரசினார். கரன்ட் வந்தபின் 200 வாட்ஸ் குண்டு பல்புகளைப் பெட்டிக்குள் கட்டினோம். எந்த முறையானாலும் கணக்கு ஒன்றுதான். சூடு 80, 90 டிகிரிக்குள் நிற்க வேண்டும். 100-ஐத் தாண்டினால் ஸ்லாட்டுக்குள் இருக்கும் தண்ணீர் ஆவியாகிக் காப்பைப் பிளந்துகொண்டு வெளியே வரும். அந்தப் பிளவு கண்ணுக்குத் தெரியாது.

காய்ந்துவிட்டதா என்பதைக் கையும் மூக்கும் சொல்லாது; காப்புத் தடையை அளக்கும் மெகர்தான் சொல்லும். 500 வோல்ட் மெகர், ஒரு கிளிப் பாடியில், ஒரு கிளிப் காயில் முனையில். ரன்னிங், ஸ்டார்ட்டிங் இரண்டையும் பிரித்துத் தனித்தனியாகவும், ஒன்றுக்கொன்றும் பார்க்க வேண்டும். கழுவி எடுத்தவுடன் முள் ஏறக்குறைய பூஜ்யத்தில் கிடக்கும். கொஞ்சம் காற்றாடியதும் அரை, முக்கால் மெகா ஓம் காட்டும். சூடேற்றத் தொடங்கியதும் அது மறுபடி இறங்கும். புதுப் பையன்கள் பதறுவது இந்த இடத்தில்தான். காயில் போய்விட்டது, கட்டிவிடலாம் என்று கட்டிங் பிளேயரைத் தேடுவார்கள். சூடு ஏறினால் காப்புத் தடை இறங்குவது இயல்பு. 10 டிகிரிக்கு ஏறக்குறைய பாதியாகும். உள்ளே ஒளிந்திருந்த ஈரமும் சூட்டில் பரவும். விடாமல் காய்ச்சினால் முள் ஓரிடத்தில் நின்று, பிறகு மெல்ல ஏறும். மணிக்கொரு தரம் பார்த்துச் சுண்ணாம்புக்கட்டியால் பாடியிலேயே எழுதி வருவோம். ஏறி ஏறி, இரண்டு மூன்று மணி நேரம் ஒரே அளவில் நின்றால்தான் ஈரம் போனதாக அர்த்தம். ஏற ஆரம்பித்ததும் எடுத்துவிடுகிற ஆசையை மேஸ்திரி அடக்கிக் காட்டியிருக்கிறார்: வாசலில் பத்துப் பேர் நிற்கும்போதும் நிறுத்தாமல் காய்ச்சுவார்.

ஆறியபின் இன்னொரு தடவை மெகர். 1 மெகா ஓமுக்குக் கீழே இருந்தால் லைன் கொடுக்கிற பேச்சே இல்லை. எங்கள் பட்டறையில் 5-க்குக் குறைந்தால் வார்னிஷ் டின்னைத் திறப்பதில்லை. ஈரத்தின் மேல் வார்னிஷ் ஊற்றினால் அந்த ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். கை பொறுக்கிற சூட்டில் ஸ்டேட்டர் இருக்கும்போது மேலிருந்து மெதுவாக ஊற்ற வேண்டும். குமிழி வந்துகொண்டே இருக்கும். அடங்கும்வரை ஊற்றி, வடியவிட்டு, மறுபடி காய்ச்ச வேண்டும்.

பேரிங்கில் கஞ்சத்தனம் வேண்டாம். 6203-ஓ 6204-ஓ, ரப்பர் சீல் போட்டதானாலும் தண்ணீர் போயிருக்கும். சீலை ஊசியால் நெம்பிப் பாருங்கள்: கிரீஸ் பால் நிறத்துக்கு மாறியிருக்கும். கழுவி கிரீஸ் வைத்தால் சில வாரம் ஓடி, பிறகு அலற ஆரம்பிக்கும். கெபாசிட்டரையும் டெர்மினல் கட்டையையும் புதிதாகப் போடுங்கள். ரோட்டாரில் துருவை நைஸ் எமரியில் துடைத்தால் போதும். அரம் போட்டு ஏர்கேப்பைக் கெடுக்காதீர்கள். கிணற்று சப்மெர்சிபிள் தண்ணீருக்குள் ஓடுவதற்கென்றே செய்தது. பெரும்பாலும் கெடுவது சுவரில் இருக்கும் அதன் பேனல் போர்டுதான். மோட்டாரை மேலே ஏற்றுவதற்கு முன் அதைத் திறந்து பார்த்தால் வீட்டுக்காரருக்குப் பெரிய செலவு மிச்சம்.

வெள்ளத்துக்குப் பிறகு எல்லாவற்றையும் "காயில் போச்சு" என்று சொல்லிக் கட்டிக் கொடுத்தால் காசு பார்க்கலாம். யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். ஆனால் அரிசியும் மெத்தையும் நனைந்து நிற்கிற வீட்டில் அந்தக் காசை வாங்கக்கூடாது. கழுவிக் காய்ச்சிக் கொடுக்கிற வேலையில் கூலி குறைவு, நேரம் அதிகம். ஆனாலும் நல்ல கம்பியை அறுத்துப் பழைய செம்பாக எடைக்குப் போடாமல் இருந்த திருப்தி வேறு எந்த வேலையிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

கொண்டுபோய் மாட்டும்போது ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். பம்ப்புக்குள் தண்ணீர் நிரப்பி, மெக்கானிக்கல் சீலில் கசிவு இல்லை என்று தெரிந்தபின் ஸ்விட்ச் போட்டு, கிளாம்ப் மீட்டரில் ஆம்பியரை நேம்பிளேட்டோடு ஒப்பிடுங்கள். சரியாக இருந்தால், சுவரில் வெள்ளம் நின்ற கறை எந்த உயரத்தில் இருக்கிறது என்று வீட்டுக்காரருக்குக் காட்டி, அதற்கு ஒரு முழம் மேலே ஆங்கிள் ஸ்டாண்ட் அடித்து மோட்டாரை வைக்கச் சொல்லுங்கள். அடுத்த மழைக்குள் வெல்டரைக் கூப்பிட நேரம் இருக்கும்.