யாரிடமிருந்து யாருக்கு?

பஞ்சாபின் மால்வா வட்டாரத்தில், ஒரு மாவட்ட மருத்துவமனையின் தாழ்வாரத்தில் ஒரு மேசை. அதன் பின்னே வினாப்படிவக் கட்டுடன் ஓர் ஆய்வு மாணவி. எதிரில் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையார். சற்றுத் தள்ளிச் சுவரில் சாய்ந்தபடி அவருடைய இளைய மகன். இருவருக்கும் ஹெபடைடிஸ் சி. இருவருடைய வைரசும் மூன்றாம் மரபணு வகை என்று ஆய்வகம் தெரிவித்திருந்தது.

சிகிச்சைக்கு அந்த வகை எண் தேவைப்படவில்லை. பஞ்சாப் 2016ஆம் ஆண்டு முதலும், தேசியத் திட்டத்தின் வழியே இந்தியா முழுவதும் 2018 முதலும் இலவசமாக வழங்கும் மாத்திரைகள் பெரும்பாலான வகைகளுக்குப் பொதுவானவை. எண்ணைக் கேட்டது ஆய்வு. எந்த வகைத் தொற்று எந்த வழியில் வந்தது என்று வகைக்கும் வழிக்கும் தொடர்பு காண்பதே அந்தப் படிவத்தின் நோக்கம்.

இரத்தம் ஏற்றியதுண்டா, அறுவை சிகிச்சை நடந்ததா, பல் பிடுங்கியதுண்டா, பச்சை குத்தியதுண்டா என்று வினாக்கள் வரிசையாகச் சென்றன. மூத்த மகள் பிறந்தபோது இரண்டு புட்டி இரத்தம் ஏற்றினார்கள் என்றார் அம்மையார். அது தொண்ணூறுகளின் முற்பகுதி. வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டதே 1989இல்தான். தானமாகப் பெறும் இரத்தம் முழுவதையும் ஹெபடைடிஸ் சி-க்காகச் சோதிக்க வேண்டும் என்பது இந்தியாவில் கட்டாயமானது அதற்கும் பத்தாண்டுகள் கழித்து, புதிய நூற்றாண்டின் தொடக்கத்தில்.

"மாதாஜி, ஊசி போட்டுக்கொண்டதுண்டா? எத்தனை முறை?"

அம்மையார் சிரித்துவிட்டார். காய்ச்சல் என்றால் ஊசி, அசதி என்றால் குளுக்கோஸ், அறுவடை முடிந்து முதுகு வலித்தால் இன்னோர் ஊசி. ஊசி போடாதவரை ஊரில் யார் மருத்துவர் என்று மதித்தார்கள்? தோளில் பையோடு மிதிவண்டியில் வரும் அந்த 'டாக்டர்' எந்தக் கல்லூரியிலும் படித்தவர் அல்லர். கண்ணாடிச் சிரிஞ்சு ஒன்று, வெந்நீர்க் கிண்ணம் ஒன்று. ஒரு வீட்டில் போட்டுவிட்டு, ஊசியை அந்த வெந்நீரில் அலசிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவார். படிவத்தில் எண்ணிக்கை எழுத இரண்டு இலக்கத்துக்கே இடம் இருந்தது.

பிறகு மகனின் படிவம். போதை ஊசி பற்றிய வினா வந்ததும் அவன் தாழ்வாரத்தின் கோடியைப் பார்த்தான். மறுமொழி சொன்னவர் தாய். "எழுதிக்கொள், மகளே. சிட்டா." பஞ்சாபில் ஹெராயினுக்கு அதுதான் பெயர். வெள்ளை என்று பொருள். நான்கு ஆண்டுகள், நண்பர்களுடன், ஒரே ஊசியில். இப்போது விட்டுவிட்டான். அரசு மையத்தில் கொடுக்கும் புப்ரெனார்பின் மாத்திரை எடுத்துக்கொள்கிறான்.

மகன் குளியலறைக்குச் சென்ற வேளையில் அம்மையார் மேசைமேல் குனிந்தார். இந்த எண் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று சொல்லுமா? தன்னிடமிருந்துதான் அவனுக்குப் போயிற்றா, கருவிலேயே? அவன் இரண்டாவது பிள்ளை, இரத்தம் ஏற்றியதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்துப் பிறந்தவன். சற்று முன்னால், தாய் சீட்டுப் பெறும் வரிசையில் நின்றபோது மகனும் இதே கேள்வியைத் திருப்பிப் போட்டுக் கேட்டிருந்தான். வீட்டில் ஒரே சவரக்கத்தியும் ஒரே நகவெட்டியும்தான். தன்னால்தான் அம்மாவுக்கு வந்ததா?

இந்த வைரசின் மரபணுத் தொடர் ஏறத்தாழ 9,600 எழுத்துகள் கொண்டது. ஒரு வகைக்கும் இன்னொரு வகைக்கும் இடையே அவற்றில் சுமார் 30 விழுக்காடு வேறுபடும். இதுவரை எட்டு வகைகள் அறியப்பட்டுள்ளன. எட்டாவது வகை 2018இல் கனடாவில் அடையாளம் காணப்பட்டது, பஞ்சாபிலிருந்து குடியேறிய சிலரிடம். அவர்களுக்குள் ஒருவரோடு ஒருவருக்குத் தொடர்பில்லை.

உலக வரைபடத்தில் இவ்வகைகளைக் குறித்துக்கொண்டே போனால் தெரிவது பெரும்பாலும் ஊசிகள் சென்ற பாதை. எகிப்தில் நான்காம் வகை மிகுதி. 1950களிலிருந்து 1980கள் வரை நத்தைக் காய்ச்சலை ஒழிக்க அரசே ஊர் ஊராக நடத்திய ஊசி இயக்கத்தில், சரியாகத் தூய்மை செய்யப்படாத சிரிஞ்சுகளின் வழியே அது பரவியது. ஐரோப்பாவில் மூத்தவர்களிடமும் இரத்தம் ஏற்றப்பட்டவர்களிடமும் 1பி மிகுதியாகவும், போதை ஊசி பயன்படுத்துவோரிடம் 1ஏ, 3ஏ மிகுதியாகவும் காணப்பட்டன. இந்தியாவின் வடகிழக்கில், மணிப்பூரிலும் நாகாலாந்திலும் மிசோரமிலும், மூன்றாம் வகையோடு ஆறாம் வகையும் வரும். அது தென்கிழக்கு ஆசியாவுக்கு உரியது. மியான்மர் எல்லை வழியாக ஹெராயின் வந்த அதே தடத்தில் இதுவும் வந்தது. தென்னிந்தியாவில், வடக்கோடு ஒப்பிட்டால், முதல் வகையின் பங்கு கூடுதல்.

ஐரோப்பிய ஆய்வுகளைப் படித்துவிட்டுப் பஞ்சாபுக்கு வருபவர் இடறி விழும் இடம் இதுதான். அங்கே 3ஏ என்பது ஒரு தடயம். பஞ்சாபிலோ நோயாளிகளில் மிகப் பெரும்பாலோருக்கு மூன்றாம் வகையே. மிதிவண்டி டாக்டரின் ஊசியில் வந்தவர்களுக்கும் அதுதான், இரத்தப் புட்டியில் வந்தவர்களுக்கும் அதுதான், சிட்டாவில் வந்தவர்களுக்கும் அதுதான். ஊரே வெள்ளை முண்டாசு கட்டியிருக்கும்போது, திருடன் வெள்ளை முண்டாசு கட்டியிருந்தான் என்று சாட்சி சொல்லி யாருக்கு என்ன பயன்? வைரசின் எழுத்துகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டால் இரண்டு தொற்றுகள் எவ்வளவு நெருக்கம் என்று ஓரளவு கூறலாம். எது தாய், எது பிள்ளை என்ற திசையை அதுவும் எளிதில் காட்டாது. ஆனால் ஊரார் வாய்க்கு இந்த நுணுக்கங்கள் எட்டுவதில்லை. 'ஹெபடைடிஸ் சி' என்றதும் வீட்டில் யார் போதைக்காரன் என்றே தேடுகிறார்கள். ஆபத்துக் காரணி என்ற சொல் ஆய்வேட்டை விட்டு வெளியே வந்ததும் குற்றப்பத்திரிகை ஆகிவிடுகிறது.

மாணவி இதையெல்லாம் சொல்லவில்லை. தெரியாது என்றாள். தாயிடமிருந்து பிள்ளைக்குப் பிறக்கும்போது பரவுவது நூற்றில் ஐந்து பேருக்கு அளவில்தான் என்றாள். சவரக்கத்தியால் பரவக்கூடும், ஆனால் ஊசியோடு ஒப்பிட அது சிறிய வழி. இருவருக்கும் தனித்தனியே, வெவ்வேறு ஆண்டுகளில் வந்திருக்கவே வாய்ப்பு மிகுதி. இவற்றை மகன் திரும்பி வந்த பிறகு, இருவரும் கேட்கும்படி இன்னொரு முறை சொன்னாள்.

அவனிடம் தனியாகச் சொன்னது வேறு. இந்நோய் குணமானால் மீண்டும் வராது என்றில்லை. உடலில் நிலையான காப்பு உண்டாவதில்லை. இன்னொருவர் ஊசியைத் தொட்டால் மறுபடியும் தொற்றும். புப்ரெனார்பின் மையத்துக்குப் போவதை நிறுத்தக் கூடாது. அவன் தலையசைத்தான்.

படிவங்களில் 'தொற்று வந்திருக்கக்கூடிய வழி' என்ற கட்டம் நிரப்பப்படாமல் இருந்தது. ஒன்றை மட்டும் குறிக்கவும் என்று அடியில் அச்சிட்டிருந்தது. தாயின் படிவத்தில் மாணவி மூன்றைக் குறித்தாள். மகனின் படிவத்தில் இரண்டு. ஆய்வு வழிகாட்டி கேட்டால் விளக்கிக்கொள்ளலாம்.

மருந்தகச் சாளரத்தில் இரண்டு பேருக்கும் முதல் மாதத்துக்கான மாத்திரைகள் கிடைத்தன. மொத்தம் பன்னிரண்டு வாரங்கள், நாள்தோறும் தவறாமல். பிறகு மேலும் பன்னிரண்டு வாரங்கள் கழித்து ஒரு சோதனை. அம்மையார் இரண்டு புட்டிகளையும் துப்பட்டாவின் ஓரத்தில் முடிந்துகொண்டு திரும்பி வந்தார். எந்த நேரத்தில் சாப்பிட வேண்டும் என்று கேட்டார்.

"எந்த நேரமானாலும் சரி, மாதாஜி. தினமும் அதே நேரமாக இருக்கட்டும்."

"அப்படியானால் இரவு ரொட்டி தின்ற பிறகு," என்றார் அவர். "இருவரும் சேர்ந்து."