ஒரு பீப்... ஒரு ரப்பர்!

பட்டனை அமுக்குறீங்க. லைட் எரியுது. உள்ளே ஃபேன் சுத்துது. ஆனா மானிட்டர் மட்டும் கறுப்பா உங்களையே முறைக்குது. அனுபவம் உண்டா பாஸ்? இல்லைன்னா நீங்க புண்ணியம் பண்ணினவங்க!

எங்க வீட்ல இது நடந்தது ஒரு சனிக்கிழமை ராத்திரி. ஐப்பசி மழையில கரண்ட் நாலஞ்சு தடவை போய்ப் போய் வந்துச்சு. அம்மா பட்டனை அமுக்கிப் பார்த்தாங்க. அப்புறம் என்னைப் பார்த்தாங்க.

அந்தப் பார்வைக்குக் காரணம் இருக்கு. எங்க தெரு மகளிர் குழுவுக்கு அம்மாதான் கணக்கு. பதினஞ்சு பேரோட சேமிப்பு, கடன், வட்டி, பாக்கி எல்லாம் முன்னே நீளமான நோட்டுல இருந்துச்சு. 'இந்தக் காலத்துல போய் நோட்டாம்மா?'னு கிண்டலடிச்சு, ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எக்ஸெல்லுக்கு மாத்திவிட்ட மேதை நான்தான். பேக்கப்பா? அதை எடுத்திருந்தா இந்தக் கட்டுரையே கிடையாதே! திங்கட்கிழமை பேங்க்ல கணக்கைக் காட்டினாத்தான் அடுத்த லோன்.

இத்தனைக்கும் நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் மூணாவது வருஷம். ஆர்க்கிடெக்சர் பேப்பர்ல நல்ல மார்க் வேற. ஆனா, ஒரு சிபியு-வோட ஸ்க்ரூவைக்கூடக் கழட்டினது இல்லை.

ஞாயித்துக்கிழமை காலையில ஸ்கூட்டியில வெச்சு ஒரு கடைக்குக் கொண்டுபோனோம். அவர் பட்டனை ஒரே ஒரு தடவை அமுக்கினார். "மதர்போர்டு அவுட்டும்மா. எட்டாயிரம் ஆகும். உள்ள இருக்கிற டேட்டா வராது" - முடிச்சுட்டார். திரும்பி வர்ற வழியெல்லாம் அம்மா ஒரு வார்த்தை பேசலை. திட்டியிருந்தாகூட நல்லா இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் எங்க காலேஜ் லேப் டெக்னீஷியன் அண்ணனுக்கு போன் போட்டேன். அவர் முதல்ல சொன்னதே எனக்குப் பாதி உயிரைக் கொடுத்துச்சு. "மதர்போர்டு போனா டேட்டா எப்படிம்மா போகும்? ஹார்ட் டிஸ்க் தனி டப்பா. கழட்டி வேற சிஸ்டத்துல மாட்டினா ஃபைல் அப்படியே இருக்கும்."

அடடா, இது எனக்கே தெரியுமே! பரீட்சையில கேட்டா எழுதியிருப்பேன். கடைக்காரர் சொன்னப்போ ஏன் வாயைத் திறக்கலைங்கிறது எனக்கே புரியாத விஷயம்.

"பீப் சத்தம் வருதா?"

"இல்லண்ணே."

"ப்ளக்கைப் பிடுங்கு. பவர் பட்டனைப் பத்து செகண்ட் அமுக்கிப் பிடி, மிச்ச கரண்ட் இறங்கட்டும். கேபினெட் இரும்பைத் தொட்டுட்டு, ரெண்டு ரேமையும் கழட்டு. இப்போ ஆன் பண்ணு."

ரேமே இல்லாம ஆன் பண்ணுறதா? நானும் அப்படித்தான் முழிச்சேன். விஷயம் இதுதான். விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடியே கம்ப்யூட்டர் தன்னைத்தானே ஒரு செக்கப் பண்ணிக்கும். அதுக்கு 'போஸ்ட்'னு பேரு. அதோட ஆரம்பக் கட்டத்துல திரையில எழுதிக் காட்ட முடியாது. அதனால குறை இருந்தா, உள்ளே இருக்கிற குட்டி ஸ்பீக்கர்ல பீப் அடிச்சுச் சொல்லும். ரேம் இல்லைன்னு கத்துதுன்னா, கத்துறதுக்கு போர்டும் பிராசஸரும் உயிரோட இருக்குன்னு அர்த்தம். (சில கேபினெட்ல ஸ்பீக்கரே இருக்காது. அதுல சத்தம் வரலைன்னு பயந்துடாதீங்க!)

ஆன் பண்ணினேன்.

பீஈஈப்... பீஈஈப்...

அவ்வளவு அழகான சத்தத்தை நான் கேட்டதே இல்லை. அடுப்படியிலேர்ந்து அம்மா ஓடி வந்துட்டாங்க. "என்னடி, வெடிக்கப் போகுதா?"

மறுபடி ப்ளக்கைப் பிடுங்கிட்டு, தம்பியோட பென்சில் பாக்ஸ்லேர்ந்து ரப்பரை எடுத்தேன். ரேமுக்குக் கீழே தங்க நிறத்துல வரிசையா இருக்குமே, அந்த இடத்தை மெதுவா அழிச்சா ரப்பர்ல கறுப்பா அழுக்கு ஒட்டிக்கிச்சு. துகளைத் தட்டிட்டு, ஒண்ணை மட்டும் 'க்ளிக்'னு மாட்டினேன். ஒண்ணும் வரலை. அதை எடுத்துட்டு இன்னொண்ணை மாட்டினேன்.

லோகோ வந்துருச்சு!

முதல் ரேம் நிஜமாவே காலி. எட்டு ஜி.பி. இருந்த மெஷின் இப்போ நாலு ஜி.பி.யில நத்தையா நகருது. நகருதுல்ல, போதும். ஒண்ணு மட்டும் சொல்லிடுறேன். ஜோஷ்ல எஸ்.எம்.பி.எஸ். டப்பாவைத் திறந்துடாதீங்க. ப்ளக்கைப் பிடுங்கினாலும் அதுக்குள்ள இருக்கிற கெபாசிட்டர்ல கரண்ட் தங்கியிருக்கும்.

எக்ஸெல் ஃபைல் திறந்துச்சு. பதினஞ்சு பேரும் பத்திரம். உடனே பென் டிரைவ்ல ஒரு காப்பி போட்டுட்டு, "அவ்ளோதாம்மா, சேஃப்!"னு திரும்பினா, அம்மா பரண்லேர்ந்து அந்தப் பழைய நோட்டை இறக்கித் தூசி தட்டிக்கிட்டு இருக்காங்க.

"அதான் காப்பி எடுத்தாச்சேம்மா?"

"அது இருக்கட்டும். ஒவ்வொருத்தர் பாக்கியா வாசி, எழுதிக்கிறேன்."

வாசிச்சேன்.