அச்சு சூடாகட்டும்

குமரி மாவட்டத்தில் டிசம்பர் பிறந்தால் தேங்காயெண்ணெய் வாசம்தான் முதலில் வரும். வாசலில் ஸ்டார் தொங்குவதும், முற்றத்தில் குடில் எழும்புவதும், ராத்திரி கேரல் பாட்டுக்காரர்கள் வருவதும் அதற்குப் பிறகுதான். கேக் எங்களுக்குக் கடையிலிருந்து வருகிற பண்டம். 1883இல் தலச்சேரியில் கிறிஸ்துமஸ் கேக் செய்து பேர் வாங்கிய மம்பள்ளி பாபுவும் பேக்கரிக்காரர்தான். வீட்டில் இருந்தது விறகடுப்பும் சீனச்சட்டியும். அதனால் வீட்டுக் கிறிஸ்துமஸ் எண்ணெயில் பொரிந்தே வந்தது: அச்சு முறுக்கு, முந்திரிக்கொத்து, சோமாசி, டைமண்ட் கட்.

இதில் முதல் சோதனை மழை. வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் விட்டபாடில்லாமல் பெய்யும். பச்சரிசியை ஊறவைத்து வடித்து நிழலில் உலர்த்த வேண்டும். மழை ஈரத்தில் அது லேசில் உலராது. உள்ளறையில் வேட்டியை விரித்துப் பரப்பி, ஃபேனைப் போட்டுவிட்டு, போகும்போதும் வரும்போதும் ஒரு கை அள்ளிப் பார்ப்பார்கள். கையில் ஒட்டக்கூடாது, ஆனால் உள்ளே ஈரம் கொஞ்சம் இருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து மில்லுக்குக் கொண்டு ஓட வேண்டும். கடையில் கிடைக்கும் பாக்கெட் மாவிலும் முறுக்கு வரும். ஆனால் புதிதாகத் திரித்த மாவின் மணமும் மொரமொரப்பும் அதில் வருவதில்லை என்பது என் தீர்மானமான கருத்து.

அச்சு முறுக்குக்கு அரைக் கிலோ மாவென்றால் இரண்டு முட்டை, 200 கிராம் சீனி, ஒரு பெரிய தேங்காயின் பால், ஒரு பிடி கறுப்பு எள், ஒரு சிட்டிகை உப்பு. தோசை மாவைவிடச் சற்று இளக்கமாகக் கரைக்க வேண்டும். சீனி கூடினால் முறுக்கு சட்டென்று கறுக்கும், அச்சையும் விடாது. இவ்வளவையும் தாளில் எழுதிக் கொடுத்துவிடலாம். மீதி அடுப்படியில் நின்றுதான் வரும்.

நீளக் கம்பியின் நுனியில் பூவிதழ்போல வளைந்த அச்சு. முதலில் அதை எண்ணெயில் அமிழ்த்திக் காய விட வேண்டும். என் சித்தி பக்கத்தில் நிற்கும் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டே இருப்பாள், "மக்களே, அச்சு சூடாகட்டும், பொறு." சூடு போதாவிட்டால் மாவு இரும்பில் அப்பிக்கொண்டு கழலாது, சூடு மிஞ்சினால் மாவு பிடிக்கவே பிடிக்காமல் பாத்திரத்திலேயே வழிந்து நிற்கும். சரியான சூட்டில் அச்சை எடுத்து, எண்ணெயை உதறி, மாவில் முக்கால் உயரம் மட்டும் முக்குவாள். 'சுர்' என்று சன்னமாக ஒரு சத்தம் கேட்கும். சூடான உலோகம் பட்டதும் நூலளவு மாவு வெந்து பிடித்துக்கொள்வதன் சத்தம் அது. விளிம்புக்கு மேலே மாவு ஏறிவிட்டால் முடிந்தது. அச்சை அது மூடிக்கொள்ளும், பிறகு உடைத்துத்தான் எடுக்க வேண்டும். மறுபடி எண்ணெய்க்குள் இறக்கியதும் மாவிலுள்ள நீர் ஆவியாகிக் குமிழ் குமிழாக வெளியேறும். குமிழ் அடங்கத் தொடங்கும் நேரத்தில் மணிக்கட்டை லேசாக உதறினால் பூ கழன்று மிதக்கும். கழலவில்லையென்றால் ஈர்க்குச்சியால் ஒரு நெம்பு. அடுத்த முறுக்குக்கு முன் அச்சு மறுபடியும் எண்ணெயில் காய வேண்டும். கரைத்த மாவில் அரிசி அடியில் போய் உட்கார்ந்துவிடும் என்பதால் ஒவ்வொரு தடவையும் கலக்கிவிட ஓர் ஆள்.

முந்திரிக்கொத்துக்கு அதைவிடக் கூட்டம் வேண்டும். வறுத்துப் பொடித்த சிறுபயறு, வறுத்த தேங்காய்த்துருவல், எள், ஏலக்காய், சுக்கு எல்லாவற்றையும் கொதிக்கும் வெல்லப் பாகில் கொட்டிக் கிளறியதும், ஆறுவதற்குள் பிடித்தாக வேண்டும். ஆறினால் உதிர்ந்துபோகும். உள்ளங்கை சிவக்கச் சிவக்க நாலைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து உருட்டுவார்கள். மறுநாள் மூன்று மூன்று உருண்டையாகச் சேர்த்து, மஞ்சள் கலந்த அரிசிமாவில் முக்கிப் பொரிப்பது. அந்த மேலோடு இருக்கும்வரை உள்ளே இருப்பது வாரக்கணக்கில் கெடாது.

கிறிஸ்தவர்களும் இந்துக்களும் ஏறத்தாழச் சரிபாதியாக வாழும் மாவட்டம் இது. பக்கத்து வீட்டு மைனி தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் செய்யும் முந்திரிக்கொத்துதான் எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் பலகாரமும். எங்களுக்கு உருட்ட அவள் வருவாள், அவளுக்கு உருட்ட நாங்கள் போவோம். யாழ்ப்பாணத்தில் இதே சேர்மானத்தைப் பயத்தம் பணியாரம் என்பார்கள். அச்சு முறுக்கோ இன்னும் தூரம் போயிருக்கிறது. கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களிடம் அச்சப்பம். இலங்கையில் சித்திரைப் புத்தாண்டுக்குச் சிங்களவர்கள் பொரிக்கும் கொக்கிஸ். மலேசியத் தமிழர்களுக்குத் தீபாவளிப் பலகாரம். நார்வேயில் கோதுமை மாவும் பாலும் கரைத்து இதே மாதிரி கம்பி அச்சில் கிறிஸ்துமஸுக்குச் சுடுகிறார்கள். எந்த ஊரில் முதலில் காய்ந்த அச்சோ, எல்லா ஊரிலும் அதைக் காய வைத்துத்தான் மாவில் முக்குகிறார்கள். ஒரு பண்டிகைக்கோ ஒரு மதத்துக்கோ இதை எழுதிவைக்க யாராலும் ஆகாது. எனக்கு இந்தப் பலகாரத்தின்மேல் இத்தனை பிரியம் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போது வீட்டில் செய்து விற்கும் பெண்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களிடம் வாங்குவதில் ஒரு குறையும் இல்லை. அந்த வருமானத்தில் பிள்ளைகள் படிக்கிறார்கள். ஆனாலும் வருஷத்தில் ஒரு தடவையாவது வீட்டில் அடுப்பு மூட்ட வேண்டும் என்று நான் அடம் பிடிப்பேன். ஒரு நிபந்தனையோடு. அந்தக் காலத்தில் இந்தப் புகையும் இடுப்புவலியும் பெண்களுக்கு மட்டும் என்று இருந்தது. ஆண்கள் திண்ணையில் உட்கார்ந்து ருசி பார்த்துச் சொன்னார்கள். அது திரும்ப வர வேண்டியதில்லை. மாவு கலக்குவதற்கும் பாகு கிளறுவதற்கும் எந்தக் கையானாலும் போதும்.

இந்த வருஷம் புது அச்சு ஒன்று வாங்கியிருக்கிறோம். கஞ்சித் தண்ணீரில் மூன்று நாள் ஊறப்போட்டு, கழுவித் துடைத்து, எண்ணெயில் கிடக்கிறது. பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் தம்பி மகன்தான் அதைப் பிடிக்கப் போகிறான். புது அச்சென்றால் முதல் ஏழெட்டு முறுக்கு கழலாமல் உடையும். உடைந்ததைத் தின்பதற்குச் சின்னப் பிள்ளைகள் இப்போதே இடம் பிடித்து வைத்திருக்கிறார்கள்.