பாதிப் பாடம்

கேள்வி கேட்கும் மாணவனைக் கண்டால் ஆசிரியனுக்கு வயது குறைந்துவிடும். யாழ்ப்பாணத்தில் முப்பத்தொரு வருடங்கள் பௌதிகம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். கரும்பலகையை விட்டு விலகிய பின்னரும் அந்தப் பலவீனம் என்னை விட்டு விலகவில்லை. அது ஒரு மாலைப் பொழுதில் என் பேரனை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைச் சொல்லவே இதை எழுதுகின்றேன்.

2019ஆம் ஆண்டு மாசி மாதம். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், சிம்கோ ஏரிக்கு அண்மையில் வாழும் என் மகளின் வீட்டில் தங்கியிருந்தேன். எழுநூறு சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட அந்தப் பேரேரி, மாரியில் உறைந்து வெண்ணிறத் திடலாகிவிடும். அதன்மேல் மனிதர் நடக்கின்றனர்; சிறு குடில்களை இழுத்துச் சென்று வைத்து, பனிக்கட்டியில் துளையிட்டு மீன் பிடிக்கின்றனர்; இளைஞர்கள் 'ஸ்னோமொபில்' எனப்படும் பனியூர்திகளில் பறக்கின்றனர். முன்னே இரண்டு சறுக்குப் பலகைகள். பின்னே, சில்லுகளுக்குப் பதிலாகச் சுழலும் அகன்ற இரப்பர்ப் பட்டி. மேலே மோட்டார் சைக்கிளில் உள்ளதைப் போன்ற இருக்கை. இவ்வளவுதான் பனியூர்தி.

பதினேழு வயதுப் பேரன், இரண்டு கோடை விடுமுறைகளில் உழைத்த பணத்தில் பழைய பனியூர்தி ஒன்றை வாங்கியிருந்தான். ஒருநாள் அவன் என்னிடம் வந்து, "அம்மப்பா, இதின்ரை ஸ்பீட்டை இன்னும் கூட்டேலாதோ?" என்று கேட்டான்.

அதுவரை என்னோடு உணவையும் உடல்நலத்தையும் பற்றி மாத்திரம் பேசி வந்த பிள்ளை அவன். அவனுடைய தமிழும் என்னுடைய ஆங்கிலமும் நடுவழியில் சந்தித்துக் களைத்துப் போவதே வழக்கம். இப்போதோ அவன் என் சொந்த நாட்டுக்குள், பௌதிகம் என்னும் நாட்டுக்குள், தானாகவே காலடி வைத்திருக்கின்றான். எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லவும் வேண்டுமா? அன்றிரவே கராஜில் இருவரும் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு அமர்ந்தோம்.

முதலில் எஞ்சினைப் பார்த்தோம். அதன் வலு நேரே பட்டிக்குப் போவதில்லை. இரண்டு கப்பிகளும் அவற்றை இணைக்கும் ஒரு இரப்பர் வாரும் இடையே நிற்கின்றன. எஞ்சின் விரைய விரைய ஒரு கப்பி நெருங்கி மற்றது விரிய, வார் ஏறி இறங்கிப் பல்விகிதத்தைத் தானாகவே மாற்றிக்கொள்கின்றது. வார் தேய்ந்திருந்தாலோ கப்பிகள் நேர்கோட்டில் இல்லாவிட்டாலோ வலுவின் ஒரு பங்கு வெப்பமாகிப் போய்விடும். பேரனின் வார் தேய்ந்தே இருந்தது. அதை மாற்றினோம். பற்சில்லையும் மாற்றி உயர்ந்த பல்விகிதம் வைக்கலாமா என்று அவன் கேட்டான். மேலதிக வலு இல்லாத எஞ்சினுக்கு அது பளு மிகுந்த வண்டியை மேட்டில் இழுக்கும் மாட்டின் நிலையையே தரும் என்று விளக்கினேன். அதை விட்டுவிட்டான்.

அடுத்தது காற்று. காற்றின் தடை கதியின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகின்றது. அதை வெல்ல வேண்டிய வலுவோ கதியின் கனத்துக்கு ஏற்பக் கூடுகின்றது. மணிக்கு 100 கிலோமீற்றரில் செல்பவன் 120 கிலோமீற்றரில் செல்ல விரும்பினால், காற்றுக்கு மட்டுமே முன்னையதைப் போல 1.7 மடங்குக்கு மேல் வலுவைக் கொடுக்க வேண்டும். ஆகவே புதிய எஞ்சினை வாங்குவதைவிட, காற்றுத் தடுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் குனிந்து இருப்பது மலிவு. குளிரும் இதில் ஒரு விளையாட்டு விளையாடுகின்றது. பூச்சியப் பாகையில் உள்ள காற்றைவிடப் பூச்சியத்துக்குக் கீழே 20 பாகையில் உள்ள காற்று ஏறக்குறைய எட்டு வீதம் அடர்த்தி கூடியது. அதனால் எஞ்சினுக்குக் கூடுதலான ஒட்சிசன் கிடைக்கின்றது. அதே காற்று முன்னே நின்று கூடுதலாகத் தடுக்கவும் செய்கின்றது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கிக்கொள்ளும் வள்ளல் அது.

பிறகு பட்டி. சுழலும் இரப்பர்ப் பட்டியே வலுவை விழுங்கும் ஒரு பூதம். அதை அளவுக்கு மீறி இறுக்கினால் உராய்வு கூடும். தளர்த்தினால் பற்சில்லில் துள்ளும். பட்டியின் உட்புறம் நீண்ட பிளாஸ்டிக் வழுக்கிகளின் மேல் ஓடுகின்றது. இந்த வழுக்கிகளுக்கு எண்ணெய் இல்லை. பட்டி வாரி எறியும் பனித்துகளே உருகி எண்ணெயின் வேலையைச் செய்கின்றது. வெறும் பனிக்கட்டியில் நெடுந்தூரம் ஓடினால் வழுக்கிகள் சூடேறி உருகத் தொடங்கும். நீரால் குளிர்விக்கப்படும் எஞ்சினும், வெப்பத்தை ஏற்க மேலே வந்து விழும் பனி இல்லாமையால், கொதிக்கத் தொடங்கும். எங்கும் பனியாக இருக்கும் தேசத்திலே ஒரு வண்டி பனி போதாமல் வெந்து போவது விந்தை அல்லவா?

இறுதியாக நிலம். ஆழ்ந்த புதுப்பனியில் வண்டி தன் வழியை உழுதுகொண்டே செல்வதால் வலு வீணாகும். அடித்து இறுகிய பனியே வேகத்துக்கு உகந்தது. குளிர் கூடக் கூடப் பனி வழுக்கும் என்று நம்மவர் எண்ணுவர், உண்மை வேறு. பனிக்கட்டியின் மேற்பரப்பில் நீரை ஒத்த மெல்லிய படை ஒன்று உண்டு என்பதை 1850ஆம் ஆண்டிலேயே மைக்கேல் பரடே எடுத்துக் கூறினார். கடுங்குளிரில் இத்தன்மை குன்றுகின்றது. பூச்சியத்துக்குக் கீழே 30 பாகையில் பனித்துகள் காரைநகர்க் கசூரினாக் கடற்கரையின் உலர்ந்த மணலைப் போலச் சறுக்குப் பலகைகளைப் பிடித்துக்கொள்ளும். மிக இளகினாலோ ஈரப்பனி ஒட்டிக்கொண்டு இழுக்கும். உருக்கு மிக எளிதில் வழுக்குவது பூச்சியத்துக்குக் கீழே ஏறக்குறைய 7 பாகையில் என்று அண்மைக்கால ஆய்வாளர் அளந்திருக்கின்றனர்.

"அப்ப, மைனஸ் ஏழு வாற நாள் ஓடிப் பாப்பம்" என்றான் பேரன். நானும் தலையாட்டினேன். வானிலை அறிக்கையைத் தினமும் முதலில் பார்ப்பவன் நானாகவே இருந்தேன்.

அந்த நாளும் வந்தது. மருமகன் முந்திய வாரம் துளையிட்டுப் பார்த்து, பனிக்கட்டி 40 சதமமீற்றர் தடித்திருப்பதாகச் சொல்லியிருந்தார். பனியூர்திக்குத் தெளிந்த புதுப் பனிக்கட்டி ஐந்து தொடக்கம் ஏழு அங்குலம் இருந்தால் போதும் என்பதே பலர் கைக்கொள்ளும் அளவு. ஆகவே எனக்குக் கவலை இருக்கவில்லை. பேரனும் நானும் 400 மீற்றர் இடைவெளியில் இரண்டு கழிகளை ஊன்றினோம். நான் கைத்தொலைபேசியில் உள்ள நிறுத்தற் கடிகாரத்தோடு கரையில் நின்றேன். அவன் தொலைவிலிருந்து வேகம் கூட்டி வந்து முதற் கழியைக் கடந்தான். இரண்டாவது கழியைக் கடந்தான். 13 விநாடிகள். மணிக்கு 111 கிலோமீற்றர். நான் சிறுபிள்ளையைப் போலக் கையை உயர்த்தினேன்.

உயர்த்திய கை இறங்குவதற்குள் பனியூர்தி பக்கவாட்டில் திரும்பிச் சறுக்கிக்கொண்டு போவதைக் கண்டேன். சத்தம் இல்லை. எஞ்சின் அடங்கிவிட்டது, வண்டி மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

பெரிய ஏரிகளில் பனிக்கட்டி ஓரிடத்தில் நில்லாது. வெப்பம் ஏறி இறங்குவதாலும் காற்றின் தள்ளுதலாலும் விரிந்து, வெடித்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறி வரம்பைப் போல எழும்பும். அந்த வரம்பின் அடியில் தண்ணீர் திறந்து கிடக்கும். அப்படி ஒன்று முந்திய இரவில் எழுந்திருந்தது. கரையில் நின்ற எனக்கு அது வெண்மையின்மேல் ஒரு வெண்கோடாகவே தெரிந்தது. பேரனுக்கு அது தெரிந்தபோது முந்நூறு மீற்றர் கூட இருக்கவில்லை. காற்று பனியை வாரிச் சென்றுவிட்ட வெறும் பனிக்கட்டி அந்த இடம். அவன் பிறேக்கை அழுத்தியதும் பட்டி நின்றுவிட்டது, வண்டி நிற்கவில்லை.

நான் ஓடினேன் என்று சொல்ல முடியாது. எழுபது வயதில் பனிக்கட்டியின் மேல் எவரும் ஓடுவதில்லை. தவழ்ந்தும் நடந்தும் போய்ச் சேர்ந்தபோது, அவன் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு வண்டியின் அருகில் இருந்தான். வண்டிக்கும் கறுத்த தண்ணீருக்கும் இடையே உள்ள தூரத்தை நான் காலடியால் அளந்தேன். ஆசிரியனின் கெட்ட பழக்கம் அந்த நேரத்திலும் போகவில்லை. பன்னிரண்டு அடிகள்.

"மீற்றர் 130 காட்டினது, அம்மப்பா" என்றான். அவனுடைய குரல் நடுங்கியது.

அந்த ஒரு வசனத்தில் எல்லாமே இருந்தது. பனியூர்தியின் கதிமானி நிலத்தை அளப்பதில்லை. பட்டி சுழலும் கதியையே அளக்கின்றது. 130க்கும் 111க்கும் உள்ள வித்தியாசம், பட்டி பிடி இல்லாமல் வீணே சுழன்ற அளவு. எஞ்சின், வார், காற்று, வழுக்கி, குளிர் என்று எல்லாவற்றையும் ஆராய்ந்த நாங்கள், எல்லாவற்றிற்கும் அடிப்படையான ஒன்றைப் பிடி என்ற பெயரால் கூடக் குறிப்பிடவில்லை. வண்டியை முன்னே தள்ளுவது எஞ்சின் அன்று. நிலத்தைப் பற்றும் பட்டியின் பிடியே தள்ளுகின்றது. அதே பிடிதான் வண்டியை நிறுத்தவும் வேண்டும். முன்னே போவதற்குப் பிடி போதாமல் பட்டி வழுக்குகின்ற நிலத்தில், நிற்பதற்கு மாத்திரம் பிடி எங்கிருந்து வரும்? வேகத்துக்காகப் பந்தயக்காரர் பட்டியிலே உருக்கு ஆணிகளையும், சறுக்குப் பலகைகளின் அடியிலே கடினமான உலோகக் கத்திகளையும் பொருத்துவதன் காரணம் அதுவே. ஆணிகளை மட்டும் பொருத்திக் கத்திகளை மறந்தால் வண்டி தள்ளுமேயன்றித் திரும்பாது. பேரனின் வண்டியில் ஆணிகளும் இல்லை, கத்திகளும் தேய்ந்திருந்தன.

வீட்டில் நாங்கள் எதையும் மறைக்கவில்லை. என் மகள் பிள்ளையை ஏசவில்லை. அவனுக்குச் சூடாகத் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டு, என்னைப் பார்த்து, "அப்பா, உங்களுக்குமோ தெரியேல்லை?" என்று மட்டும் கேட்டாள்.

தெரியாமல் இல்லை. அதுதான் என்னைச் சுட்டது. ஆர்முடுகலும் அமர்முடுகலும் எங்கள் பாடநூல்களில் ஒரே அத்தியாயத்தில் வரும் இரட்டைச் சொற்கள். கதி கூடும் வீதம் ஒன்று. கதி குறையும் வீதம் மற்றது. எத்தனை ஆயிரம் பிள்ளைகளுக்கு அவற்றை ஒன்றாகவே சொல்லிக் கொடுத்திருப்பேன்! என் சொந்தப் பேரனுக்கு, அவன் என்னிடம் கேள்வி கேட்ட மகிழ்ச்சியில், முதற் பாதியை மட்டும் சொன்னேன். அவன் கேட்டது அதைத்தான், ஆனால் கேட்டதற்கு மட்டும் விடை சொல்பவன் கடைக்காரன், ஆசிரியன் அல்லன்.

அன்றிரவு மீண்டும் கராஜ் மேசையில் அமர்ந்தோம். உராய்வுக் குணகம் 0.1 என்று வைத்துக்கொண்டு, மணிக்கு 111 கிலோமீற்றரில் செல்லும் வண்டி நிற்பதற்கு வேண்டிய தூரத்தை அவனைக் கொண்டே கணக்கிடச் செய்தேன். 480 மீற்றருக்கு மேல் வந்தது. காற்றின் தடையும், ஆங்காங்கே ஒட்டிக் கிடந்த பனியுமே அவனைப் பன்னிரண்டு அடிக்கு இப்பால் நிறுத்தியிருக்க வேண்டும். இறுகிய பனியில், குணகம் 0.3 என்று கொண்டால், 160 மீற்றர் போதும். கதியைப் பாதியாக்கினால் தூரம் காற்பங்காகும். ஒன்ராறியோச் சட்டம் பனியூர்தித் தடங்களில் மணிக்கு 50 கிலோமீற்றரை எல்லையாக வைத்திருப்பது ஏன் என்று அவன் அதுவரை கேட்டதில்லை. 50 கிலோமீற்றருக்கும் அவனே கணக்கிட்டான். வெறும் பனிக்கட்டியிலே கூட 100 மீற்றருக்குள் விடை வந்தது. சிறிது நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இந்த வண்டியின் வரலாற்றைப் பின்னர் நான் தேடிப் படித்தேன். கியூபெக் மாகாணத்தின் வல்கூர் என்னும் சிற்றூரில் பிறந்த யோசெப் ஆர்மண்ட் பொம்பார்டியே, 1922இல், பதினைந்து வயதுச் சிறுவனாக இருக்கும்போது, பழைய போட் மோட்டார் எஞ்சினைச் சறுக்கு வண்டியில் ஏற்றி, விமானத்தில் உள்ளதைப் போன்ற சுழலி ஒன்றால் தள்ளச் செய்தார். வண்டி ஓடியது. ஆனால் அந்தச் சுழலியின் ஆபத்தைக் கண்ட தந்தை அதைக் கழற்றிவிடும்படி சொன்னார். 1934ஆம் ஆண்டு மாரியில் பொம்பார்டியேயின் இரண்டு வயது மகன் நோயுற்றான். பனி மூடிய வீதியில் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வழியின்றிக் குழந்தை இறந்தது. அதன் பின்னர் அவர் ஆக்கி, 1937இல் காப்புரிமை பெற்றது, இரப்பர் பொதிந்த பற்சில்லும் பட்டியும் சேர்ந்த அமைப்பு. மென்பனியில் புதையாமல் பற்றிச் செல்லும் பிடியே அதன் சிறப்பு. 1959இல் அவர் வெளியிட்ட சிறிய பனியூர்தி உலகெங்கும் பரவியது. ஆக, மகனை இழந்த ஒரு தகப்பன் தேடியது உச்ச வேகத்தை அன்று, போய்ச் சேர்வதை.

இதைப் பேரனிடம் சொன்னேன். அவன் அதிகம் பேசவில்லை. அடுத்த மாரியில், தொலைபேசியில், பட்டிக்கு ஆணியும் பலகைகளுக்குப் புதுக் கத்தியும் பொருத்தியதாகச் சொன்னான். "இனி எவ்வளவு ஓடும்?" என்று கேட்டுவிட்டேன். பழைய பலவீனம்!

"அதுக்கு முதல் எவ்வளவு தூரத்திலை நிக்குது எண்டு அளந்து வைச்சிருக்கிறன், அம்மப்பா" என்றான்.

என் முப்பத்தொரு வருடச் சேவையில் இதைவிட நல்ல விடையை எந்த மாணவனிடமும் நான் பெற்றதில்லை. வேகத்துக்கு எங்கள் பாடநூல்கள் வைத்த பெயர் கதி. தமிழில் அந்தச் சொல்லுக்கு முடிவு என்றும் ஒரு பொருள் உண்டு. பிள்ளைகளுக்குக் கதியைச் சொல்லிக் கொடுக்கும் பெரியவர்கள் இரண்டு பொருளையும் சேர்த்தே சொல்லிக் கொடுப்பார்களாக.