அனந்தபுரியில் பத்து நாள்

திருவனந்தபுரத்துக்கு விமானத்தில் வருவோர் முதலில் காண்பது கடலை. அடுத்துக் காண்பது தென்னையை. சங்குமுகம் கடற்கரையை ஒட்டியே விமான நிலையம் அமைந்திருக்கிறது. பங்குனி, ஐப்பசித் திருவிழாக்களின்போது பத்மநாபசுவாமி ஆறாட்டுக்காகக் கடலுக்கு எழுந்தருளும் ஊர்வலம் விமான ஓடுபாதையைக் கடந்தே செல்லும். அந்தச் சில மணி நேரம் விமானங்கள் பறப்பதில்லை. இத்தகைய ஊருக்கு, சென்ற தை மாதத்தில், கணவனும் மனைவியுமாக நாங்கள் இருவரும் பத்து நாள் தங்கிவரப் போயிருந்தோம்.

தமிழர்க்கு இது வேற்றூர் அன்று. நம்மாழ்வாரின் பாடல் பெற்ற தலம் இது. 1891இல் 'மனோன்மணீயம்' நாடகத்தை வெளியிட்ட சுந்தரம் பிள்ளை இவ்வூர்க் கல்லூரியில் ஆசிரியராக விளங்கினார். சாலைக் கடைத்தெருவில் பாத்திரக் கடை வைத்துக்கொண்டே சிறுகதை எழுதிய ஆ. மாதவன் 2015இல் சாகித்திய அக்காதெமிப் பரிசு பெற்றார். 1956 நவம்பர் முதல் நாளன்று கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. ஆயினும் நாகர்கோவில் பக்கத்து இளைஞர் பலர் இன்றும் பிழைப்புக்கு இரயில் ஏறுவது இவ்வூரை நோக்கித்தான்.

அவர்களுள் ஒருவன் எங்கள் தமக்கையாரின் மகன். கரமனையில் ஓர் அறை எடுத்துத் தங்கி, கணிப்பொறி நிரல் எழுதும் வேலை பார்த்துவந்தான். வயது இருபத்து நான்கு. நாங்கள் வந்த நாள் முதல் அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டோம்: "தம்பி, கழக்கூட்டத்திலுள்ள டெக்னோபார்க்கை எங்களுக்குக் காட்ட வேண்டும்." அவன் ஒரு நாள் கூட்டம் என்றான், மறுநாள் விருந்தினரை உள்ளே விடமாட்டார்கள் என்றான். காலை எட்டரை மணிக்குத் தோளில் பையை மாட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுவான்.

நான்காம் நாள் முற்பகல், பாளையத்திலுள்ள மாநில மத்திய நூலகத்தைக் காணச் சென்றோம். 1829இல் தோன்றிய பழம்பெரும் நூலகம் அது. வாசிப்பு அறையின் மூலையில், அதே பையைக் காலடியில் வைத்துக்கொண்டு எங்கள் மருமகன் அமர்ந்திருந்தான். எங்களைக் கண்டதும் எழுந்து நின்றான். முகத்தில் இரத்தம் வற்றிவிட்டது.

வெளியே ஒரு தேநீர்க் கடையில் அமர்ந்து கேட்டோம். "நவராத்திரி முடிந்த வாரமே அனுப்பிவிட்டார்கள், மாமா. அம்மாவுக்குத் தெரியாது. தங்கைக்கு வரன் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இந்த நேரத்தில் எப்படிச் சொல்வது?" என்றான். "எங்களிடமாவது சொல்லியிருக்கலாமே" என்றோம். அவன் தயங்கினான். பிறகு மெல்லச் சொன்னான்: "கார்த்திகையில் என் தகுதிக் குறிப்பை அனுப்பியிருந்தேனே, அத்தை."

கைப்பேசியை எடுத்துப் பார்த்தோம். அவன் சொன்னது உண்மை. வேறு நல்ல இடம் இருந்தால் சொல்லுங்கள் என்று இரண்டு வரி. கீழே திறக்கப்படாத கோப்பு. கூடுதல் சம்பளத்துக்கு ஆசைப்படுகிறான் என்று எண்ணி, 'பார்க்கலாம்' என்று விடை எழுதிவிட்டு மறந்திருந்தோம். நாஞ்சில் நாட்டில் ஒரு காலத்தில் மாமன் சொத்து மருமகனுக்குச் சேர்ந்தது. அந்தச் சட்டம் போயிற்று; கடமையும் அதனோடு போய்விட்டதா என்று எங்களையே கேட்டுக்கொண்டோம்.

இவன் ஒருவனுக்கு நேர்ந்த கேடு அன்று இது. 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேரையும் மைக்ரோசாப்ட் 10,000 பேரையும் குறைப்பதாக அறிவித்தன. 2025 ஜூலையில் நம் நாட்டு டி.சி.எஸ். நிறுவனம் ஏறத்தாழ 12,000 பேரைக் குறைக்கப்போவதாகச் சொல்லிற்று. புதியவர் கைபழகச் செய்துவந்த சிறு வேலைகள் சிலவற்றை இப்பொழுது செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் செய்கின்றன. ஆகவே, ஓராண்டு, ஈராண்டு அனுபவம் உடையவர்க்கு வழி நெருக்கமாகிவிட்டது. இவற்றையெல்லாம் அவனிடம் எடுத்துச் சொன்னதற்குக் காரணம், அவன் தன்னையே குற்றவாளியாகக் கருதியிருந்தான் என்பதே.

மறுநாள் அவனை அழைத்துக்கொண்டு நாகர்கோவிலுக்கு இரயில் ஏறினோம். நெய்யாற்றின்கரை, பாறசாலை, குழித்துறை என்று நிலையங்கள் கடந்தன. அவன் சாளரத்தைவிட்டு முகத்தைத் திருப்பவில்லை. வீட்டில் அவனே சொன்னான். தமக்கையார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு கேட்ட கேள்வி ஒன்றுதான்: "இத்தனை நாளாக மத்தியானம் எங்கே சாப்பிட்டாய்?" அவன் அதற்கு விடை சொல்லாமல் அழுதுவிட்டான். அதற்குப் பின்னரே அவனால் வேலையைப் பற்றித் தெளிவாகப் பேச முடிந்தது.

திரும்பி வந்ததும் செய்தவற்றை, வாசகர் வீடுகளுக்குப் பயன்படலாம் என்பதால், வரிசையாகச் சொல்கிறோம்.

முதலில் அவனுக்கு வரவேண்டிய பாக்கியைப் பார்த்தோம். ஓராண்டு தொடர்ந்து உழைத்த தொழிலாளியை ஆட்குறைப்புச் செய்தால், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான ஊதியமோ தருவதோடு, நிறைவுற்ற ஆண்டு ஒவ்வொன்றுக்கும் 15 நாள் ஊதியம் இழப்பீடாகத் தரவேண்டும் என்பது 1947ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த முறை. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பும் இதனைத் தொடர்கிறது. எங்கள் மருமகன் பதினான்கு மாதம் உழைத்தவன். ஆனால், "நீயே விலகுவதாக எழுதிக் கொடு, நற்சான்று கிடைக்கும்" என்று அலுவலகத்தில் சொன்னதை நம்பிக் கையெழுத்திட்டுவிட்டான். அந்தக் கையெழுத்தால் இழப்பீடு கேட்கும் பிடி தளர்ந்துவிட்டது. வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: படித்துப் பாராமல், ஒரு நாள் அவகாசம் கேளாமல், எந்தத் தாளிலும் கையெழுத்திடலாகாது.

அடுத்து, அவன் எழுதிய தகுதிக் குறிப்பைப் பார்த்தோம். கற்ற மொழிகளின் பெயர்கள் இரண்டு பக்கம் நிறைந்திருந்தன. அவற்றைக் கொண்டு அவன் செய்தது இன்னதென்று ஒரு வரியும் இல்லை. சாலைக் கடைத்தெருவில் எங்களுக்குப் பழக்கமான தமிழ் வணிகர் ஒருவர், கடன் கணக்கு எழுதும் பேரேட்டோடு நாள்தோறும் போராடிக்கொண்டிருந்தார். அவரிடம் அவனைக் கொண்டுபோய் விட்டோம். கைப்பேசியில் தமிழிலேயே கடன் வரவு எழுத ஒரு சிறு செயலியை மூன்று வாரத்தில் அவன் செய்து முடித்தான். வணிகர் சொன்ன குறைகளைத் திருத்தினான். அதன்பின் குறிப்பு ஒரு பக்கமாகச் சுருங்கியது.

மூன்றாவதாக, நாங்கள் நண்பர்களுக்கு எழுதும் முறையை மாற்றினோம். 'பையனுக்கு ஏதேனும் பாருங்கள்' என்று ஐம்பது பேருக்கு எழுதுவதை விடுத்து, ஐவருக்கு மட்டும் எழுதினோம்: 'இவன் செய்த வேலை இது. வேலை தரவேண்டியதில்லை, இருபது நிமிடம் பேசி இவன் குறையைச் சொல்லுங்கள்.' ஐவரில் மூவர் பேசினர். ஒருவர், நேர்முகத் தேர்வில் அவன் விடை தெரியாதபோது ஊமையாகிவிடுவதைச் சுட்டிக்காட்டினார். மற்றொருவர், தொழில்நுட்பப் பூங்கா ஊழியரின் நல அமைப்பான 'பிரதித்வனி' வேலை அறிவிப்புகளுக்கென்று ஓர் இணையதளம் நடத்துவதைச் சொன்னார்.

புறப்படுவதற்கு முதல் நாள் அவனே எங்களைக் கழக்கூட்டத்துக்கு அழைத்துச் சென்றான். 1990இல் தோன்றி, 1995இல் பிரதமர் நரசிம்மராவால் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பெற்ற பூங்கா அது. இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்கா எனப் பெயர் பெற்றது. இன்று 60,000க்கு மேற்பட்டோர் பணிபுரிகின்றனர். மாடங்கள் பலவற்றுக்கு ஆறுகளின் பெயர்: நிளா, பம்பா, பெரியாறு, பவானி. பவானியின் பெயரைக் கண்டதும் மகிழ்ந்தோம். நீலகிரிப் பக்கம் தோன்றி, கேரளத்து அட்டப்பாடி வழியே ஓடி, மீண்டும் தமிழகம் புகுந்து காவிரியில் கலக்கும் ஆறல்லவா அது! "இந்தப் பக்கம் வரவே கால் கூசியது, மாமா. இன்று அவ்வளவாக இல்லை" என்றான் அவன்.

நாங்கள் ஊர் திரும்பிய பின்னர் அவனிடமிருந்து செய்தி வந்தது. பதினொரு இடங்களில் மறுப்பு. பன்னிரண்டாவதாக ஒரு சிறு நிறுவனம் ஆறு மாத ஒப்பந்தத்தில் எடுத்திருக்கிறது. சம்பளம் பழையதினும் குறைவு. தேர்வில் பாதி நேரம் கேட்டது, சாலைக் கடைப் பேரேட்டைப் பற்றித்தானாம். ஆறு மாதத்துக்குப் பின் என்னவாகும் என்பது அவனுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. ஆனால் இந்த முறை தாய்க்குத்தான் முதலில் சொல்லியிருக்கிறான்.

நம் சங்கத்து வீடுகளில் கணிப்பொறித் துறையில் நல்ல நிலையில் இருப்போர் பலர். ஊரிலுள்ள பிள்ளைகள் அனுப்பிய குறிப்புகள் உங்கள் கைப்பேசியிலும் உறங்கிக்கொண்டிருக்கலாம். இவ்விதழை மூடியதும் அவற்றுள் ஒன்றைத் திறந்து பாருங்கள். வேலை கொடுக்க இயலாவிடினும், இருபது நிமிடம் கொடுக்க இயலும்.