பேருந்திலிருந்து இறங்கியவர்கள்

வாணியம்பாடியில் வேலைக்குப் போவது என்பது நெடுங்காலம் நடந்து போவதாகவே இருந்தது. டேனரிகள் பாலாற்றங்கரையை ஒட்டி ஊருக்குள்ளேயே இருந்தன. அவற்றில் உழைத்தவர்களின் வீடுகளும் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தன. விடியற்காலையில் தோல் நாற்றம் எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அந்தத் திசையில் நடந்தால் வேலை வந்துவிடும். முதலாளியின் வீடுகூட அநேகமாக அடுத்த தெருவில்தான் இருக்கும்.

1970களில் மத்திய அரசு அரைப்பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடுகளை விதித்தது. தோலைத் தோலாக அனுப்பாமல் முழுமையாகப் பதனிட்டும் பொருளாக்கியும் அனுப்ப வேண்டும் என்பது அதன் நோக்கம். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் காலணித் தொழிற்சாலைகள் பெருகியதற்கு அந்தக் கொள்கை முக்கியமான காரணம். தோலை ஊற வைக்கவும் சுரண்டவும் ஆண்களின் கைகள் வேண்டியிருந்தன. காலணியின் மேற்பகுதியைத் தைக்கப் பெண்களின் கைகள் வேண்டியிருந்தன. அத்தனை பெண்கள் ஊருக்குள் இல்லை. ஆலங்காயம், நாட்றம்பள்ளி, பேர்ணாம்பட்டுச் சாலைகளின் இருபுறமும் உள்ள கிராமங்களிலிருந்து அவர்களை அழைத்து வரத் தொழிற்சாலைகள் பேருந்துகளை அனுப்பத் தொடங்கின. இன்றும் விடிந்தும் விடியாத வேளையில், தலையில் பூவும் கையில் சாப்பாட்டுப் பையுமாகப் பெண்கள் கூட்டமாய் நிற்கும் இடமெல்லாம் ஏதோ ஒரு கம்பெனிப் பேருந்தின் நிறுத்தம்தான். 2019–20ஆம் ஆண்டின் தொழிற்துறைக் கணக்கெடுப்பின்படி, இந்தியத் தொழிற்சாலைகளில் நேரடியாக வேலை செய்யும் பெண்களில் ஏறத்தாழ 43 சதவீதத்தினர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். அந்த எண்ணிக்கைக்குப் பின்னால் இப்படிப்பட்ட பேருந்துகளும் இருக்கின்றன என்பதைப் பொருளாதாரம் எழுதுகிறவர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

நடைக்கும் பேருந்துக்கும் அடுத்து வந்தது கார். அதைப் பற்றி எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. நான் பணியாற்றும் காலணி நிறுவனம் சில ஆண்டுகளுக்கு முன் ஊருக்குள் இருந்த பழைய கட்டடத்தை விட்டு, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையோரத்தில் புதிய வளாகத்துக்கு இடம்பெயர்ந்தது. பழைய இடத்தில் காரை நிறுத்த வழியே கிடையாது. ஆகவே அலுவலகத்தார் பலர் இருசக்கர வாகனத்தில் வந்தார்கள். ஆம்பூர்க்காரர்கள் ரயிலில் வந்தார்கள். புதிய வளாகத்தில் இடம் தாராளமாக இருந்தது. இடம் இருந்ததால் கார்கள் வந்தன. கார்கள் வந்ததால் இடம் போதாமற்போயிற்று. சென்னைத் துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் கன்டெய்னர் லாரி திரும்ப முடியாமல் ஒரு மாலைப்பொழுது முழுவதும் வாயிலில் நின்ற பிறகு, கார்களைக் குறைக்க வழி சொல்லுமாறு நிர்வாகம் என்னைக் கேட்டுக்கொண்டது. நிர்வாகப் பிரிவில் இருப்பவன் என்பதைத் தவிர வேறு தகுதி எனக்கு இல்லை.

உலகில் பிறர் என்ன செய்திருக்கிறார்கள் என்று முதலில் படித்தேன். கலிபோர்னியாவில் 1992இல் ஒரு சட்டம் இயற்றினார்கள். ஊழியருக்காக வாடகைக்கு எடுத்த நிறுத்துமிடத்தை இலவசமாகத் தரும் நிறுவனம், அந்த இடம் வேண்டாம் என்பவருக்கு அதற்குச் சமமான பணத்தைத் தர வேண்டும் என்பது அதன் சாரம். டொனால்ட் ஷூப் என்ற பேராசிரியர் அப்படிச் செய்த எட்டு நிறுவனங்களை ஆராய்ந்தார். தனியாளாகக் காரோட்டி வந்தவர்களின் விகிதம் 76 சதவீதத்திலிருந்து 63 சதவீதமாகக் குறைந்திருந்தது. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரம் 2012 முதல், பதினொன்றோ அதற்கு மேலோ கார் நிறுத்துமிடங்களை ஊழியருக்குத் தரும் நிறுவனங்களிடம் இடத்துக்கு இவ்வளவு என்று ஆண்டுக் கட்டணம் வசூலிக்கிறது. அந்தப் பணம் டிராம் பாதைகளுக்கும் பொதுப்போக்குவரத்துக்கும் போகிறது. இரண்டு ஏற்பாடுகளும் ஒரே உண்மையைச் சொல்கின்றன: இலவச நிறுத்துமிடம் என்று ஒன்று இல்லை. கார் இல்லாதவரும் சேர்ந்துதான் அதற்கு விலை கொடுக்கிறார்.

ஆனால் வாயிற்காவலரின் பதிவேட்டை ஒரு வாரம் எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தபோது, எங்கள் சிக்கல் வேறு மாதிரியானது என்று தெரிந்தது. பெரும்பாலான கார்களில் ஒருவர்தான் வந்தார். ஆம்பூர், திருப்பத்தூர், நாட்றம்பள்ளி என்று அவர்கள் புறப்பட்ட ஊர்களிலிருந்தோ அந்த வழியாகவோ எங்கள் பேருந்து ஒன்று எப்படியும் வந்துகொண்டிருந்தது. அங்கெல்லாம் காரை விட்டவர் ஏறுவதற்குப் புதிதாக டிராம் கட்ட வேண்டியிருந்தது. இங்கே பேருந்து ஏற்கெனவே ஓடுகிறது. ஏறத்தான் ஆளில்லை.

ஒவ்வொருவரிடமும் காரணம் கேட்டேன். பேருந்து மாலை ஐந்தரைக்குப் புறப்பட்டுவிடுகிறது, அலுவலக வேலை முடிய ஏழு மணியாகிறது என்றார்கள். உண்மை. பிள்ளையைப் பள்ளியில் விட வேண்டும் என்றார்கள். அதுவும் உண்மை. நேரம் ஒத்துவந்தால் ஏறுவீர்களா என்று கேட்டபோதுதான் மௌனம் வந்தது. ஒருவர் மட்டும் வெளிப்படையாக, "எங்களுக்கென்று தனி வேன் விடுங்களேன்" என்றார். இருபது ஆண்டுகளாகக் கம்பெனிப் பேருந்து ஓட்டும் பாய் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "ஏன் சார், நம்ம பஸ்ஸு சீட்டுல இன்னா, முள்ளா வச்சிருக்குது?" என்றார்.

முள் எங்கே இருக்கிறது என்பதை ஒரு பெண் எனக்குச் சொன்னார். தையல் பிரிவில் எட்டாண்டுகள் வேலை செய்து, தரக்கட்டுப்பாட்டில் மேற்பார்வையாளராக உயர்ந்தவர். பதவி உயர்ந்த மறுநாளும் வழக்கம்போல அதே பேருந்தில் ஏறியிருக்கிறார். முந்தின நாள்வரை "அக்கா" என்று அழைத்த பெண் எழுந்து, "உக்காருங்க மேடம்" என்று இடம் கொடுத்தாளாம். பேருந்தில் பேச்சுச் சத்தம் அடங்கிவிட்டதாம். அதுவரை அந்தப் பேருந்தில்தான் மேற்பார்வையாளர்களைப் பற்றி எல்லோரும் பேசிச் சிரிப்பார்கள். அவரும் சிரித்தவர்தான். யாரும் அவரை ஏறக் கூடாது என்று சொல்லவில்லை. அலுவலகத்தில் ஒருவர் மட்டும், "இன்னும் பஸ்ஸுலயா வர்றீங்க?" என்று கேட்டிருக்கிறார். அடுத்த மாதம் தவணையில் ஸ்கூட்டர் வாங்கினார். சம்பளத்தில் கூடியதில் பெரும்பகுதி தவணைக்கும் பெட்ரோலுக்கும் போயிற்று. நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே இருட்டில் வீடு திரும்பும் பயம் அதற்குமேல் சேர்ந்துகொண்டது.

எங்கள் வட்டாரத்தில் பதவி உயர்வு என்பதற்குப் பேருந்திலிருந்து இறங்குவது என்றே பொருள். முதலில் ஸ்கூட்டர், பிறகு கார். பேருந்தில் வருவது தொழிலாளி, காரில் வருவது அலுவலர் என்ற பிரிவினைக்கு அடியில், யார் பக்கத்தில் யார் உட்காருவது என்ற மிகப் பழைய கணக்கும் இருக்கிறது. தோல் தொழிலில் அந்தக் கணக்கு எப்படிப்பட்டது என்று இவ்வூரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நிறுத்துமிடத்துக்குக் கட்டணம் வைத்தாலும் அதைக் கட்டிவிட்டுக் காரில்தான் வருவார்கள். பணத்தைவிடப் பெரிய ஒன்றை அந்தக் காரில் அவர்கள் வாங்கியிருக்கிறார்கள்.

தனி வேன் யோசனையைத் தோற்கடித்தது சமத்துவம் அல்ல, ஜிஎஸ்டி என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஓட்டுநரையும் சேர்த்துப் பதின்மூன்று பேருக்கு மேற்படாத வாகனத்தை ஒரு தொழிற்சாலை இதற்கென வாங்கினால், கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது; அதைவிடப் பெரிய பேருந்துக்கு 2019 முதல் முடியும். கணக்குப் பிரிவு வேனை ஒரே வரியில் நிராகரித்தது. எனக்கு மகிழ்ச்சிதான்.

இரவுநேரத்தைப் பற்றி அலுவலகப் பெண்கள் சொன்னது மட்டும் வேறு வகையான கவலை. அதைக் கௌரவக் கணக்கில் சேர்க்கலாகாது. தொழிற்சாலையில் பெண்கள் இரவில் வேலை செய்யத் தடை விதித்த சட்டப்பிரிவை 2000இல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்று தீர்ப்பளித்தபோது விதித்த நிபந்தனைகளில், போக்குவரத்து வசதியும் ஒன்று. 2021 மே மாதம் முதல் அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிச் செல்கிறார்கள். ஆனால் தொழிற்சாலை மணியடிக்கும் நேரத்துக்கு அந்தப் பேருந்து வர வேண்டும் என்பதில்லை.

நான் கொடுத்த அறிக்கை சிறியது. மாலை ஏழே காலுக்கு ஒவ்வொரு தடத்திலும் இரண்டாவது நடை ஒன்று. அதில் அலுவலகத்தாரும், மிகைநேர வேலை பார்க்கும் தொழிலாளரும் சேர்ந்தே போக வேண்டும். எந்த இருக்கையும் யாருக்கும் ஒதுக்கப்படக் கூடாது. அதுவரை மிகைநேரம் பார்த்த பெண்கள் ஷேர் ஆட்டோவுக்குக் கைக்காசு கொடுத்துப் போய்க்கொண்டிருந்தார்கள் என்பது, கார்களைப் பற்றி விசாரிக்கப் போனதால்தான் நிர்வாகத்துக்குத் தெரிந்தது.

இரண்டாவது நடை ஓடுகிறது. கார்கள் கொஞ்சம் குறைந்திருக்கின்றன. கன்டெய்னர் லாரி திரும்புகிறது. சிலர் இன்றும் தனியாகக் காரோட்டித்தான் வருகிறார்கள். அந்த மேற்பார்வையாளர் மழைக்காலத்தில் மட்டும் பேருந்தில் ஏறுகிறார். அவரை இன்னமும் "மேடம்" என்றுதான் அழைக்கிறார்கள். ஆனால் கூட்டம் மிகுந்த ஒரு மாலையில், நின்றுகொண்டிருந்த பெண் ஒருத்தி ஒன்றும் சொல்லாமல் தன் சாப்பாட்டுப் பையை அவர் மடியில் வைத்தாள் என்று சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஸ்கூட்டர் வாங்கிய அன்று இல்லாத ஒரு மலர்ச்சி இருந்தது.

இன்னொரு வேலை மிச்சம் இருக்கிறது. வளாகத்தில் தகரக் கூரை போட்ட நிழல் கார்களுக்குத்தான் இருக்கிறது. பேருந்துக்குக் காத்திருக்கும் பெண்கள் வேலூர் மாவட்டத்து வெயில் என்று முன்பு பெயர்பெற்ற, இப்போது திருப்பத்தூர் மாவட்டத்துக்கு வந்துவிட்ட அந்த வெயிலில் நிற்கிறார்கள். கூரையைப் பெயர்த்து வாயிலருகே போட ஆகும் செலவை எழுதிக் கொடுத்திருக்கிறேன். பெரிய தொகை அல்ல. கோடைக்கு முன் முடிவு சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.